அடுத்து வருபவருக்கு ஒரு கைதட்டல்: வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஆறு நாட்கள்

நவம்பர் 6, 2023, திங்கள். லீட்ஸ், மான்செஸ்டர்

தீபாவளிக்குத் தங்கை வீட்டில் இருக்கலாம் என்று லீட்ஸ் வந்து நாலு நாள் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பெண் ஸ்டாண்ட்-அப் காமெடி செய்கிறார், பாதி நாள் காம்பியராகவும் மேடை ஏறுகிறார் என்று தங்கை போனிலேயே சொல்லியிருந்தாள். "நீ திருவிழாக் கச்சேரிக்கு மைக் பிடிப்பியே அண்ணா, அதே வேலைதான்" என்றாள். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் பதினோரு வருஷம் மெல்லிசைக் குழுவோடு ஊர் ஊராகப் போய்த் தொகுத்து வழங்கியவன் நான். பாடியவரின் பெயர் ஊருக்கு நினைவிருக்கும். தொகுப்பாளரின் பெயர் அடுத்த பாட்டு தொடங்கியதுமே மறந்துபோகும். அந்த வேலையை இங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க ஆசையாக இருந்தது. இந்த வாரம் முழுக்கக் கூட வரலாம் என்று அவர் சொல்லிவிட்டார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் 'அவர்' என்றே எழுதுகிறேன். முப்பது வயது இருக்கும். திங்கள் முதல் புதன் வரை பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மற்றபடி மைக்தான்.

அவர் கடையிலிருந்து வருவதற்குள் சிட்டி வெரைட்டீஸ் அரங்கத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். 1865-ல் தொடங்கிய மியூசிக் ஹால், அதாவது பாட்டும் நகைச்சுவையும் கலந்து நடக்கும் அரங்கம். கடைத்தெருச் சந்து ஒன்றுக்குள் ஒதுங்கி நிற்கிறது. 1953 முதல் 1983 வரை பிபிசி இங்கிருந்துதான் பழைய மியூசிக் ஹால் பாணி நிகழ்ச்சி ஒன்றை ஒளிபரப்பியது. அதில் லெனார்ட் சாக்ஸ் என்பவர் கையில் சுத்தியலோடு உட்கார்ந்து, நீட்டி முழக்கும் சொற்களால் ஒவ்வொரு கலைஞரையும் அறிமுகப்படுத்துவார். அந்தப் பொறுப்புக்குப் பெயர் 'சேர்மன்'. காம்பியருக்கு அவர்தான் மூதாதை என்று சொல்லலாம். கூட்டத்தை அடக்கவும் வேண்டும், கிளப்பிவிடவும் வேண்டும், தானே நிகழ்ச்சியாகிவிடவும் கூடாது.

ஐந்தரைக்குக் காரில் கிளம்பினோம். எம்62 நெடுஞ்சாலை பென்னைன் மலைத்தொடரின் மேலேறிப் போகிறது. 372 மீட்டர் உயரத்தில், இங்கிலாந்தின் மோட்டார்வேக்களிலேயே உயரமான இடம் இதில்தான் இருக்கிறது. அதற்குச் சற்று முன்னால் சாலை இரண்டாகப் பிரிகிறது. போகும் பாதைக்கும் வரும் பாதைக்கும் நடுவே 18-ஆம் நூற்றாண்டுப் பண்ணை வீடு ஒன்று. இருட்டில் ஒற்றை விளக்கு மட்டும் தெரிந்தது. ராத்திரி ஒரு மணிக்கு வீடு திரும்பும் காமெடியன்கள் எல்லாருக்கும் அந்த விளக்கைத் தெரியும் என்றார்.

மான்செஸ்டர் ஓல்ட்ஹாம் தெருவில் இருக்கும் ஃப்ராக் அண்ட் பக்கெட் 1994-லிருந்து நடக்கும் கிளப். திங்கட்கிழமைகளில் 'பீட் தி ஃப்ராக்' என்ற புதியவர்கள் போட்டி. பார்வையாளர்களில் மூன்று பேரிடம் அட்டை கொடுத்துவிடுகிறார்கள். மூன்று அட்டையும் உயர்ந்துவிட்டால் மேடையில் நிற்பவர் இறங்க வேண்டியதுதான். ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தால் தவளையை ஜெயித்த மாதிரி. மூன்று வருஷத்துக்கு முன்னால் இவரும் இங்கே நின்றிருக்கிறார். முதல் தடவை இரண்டு நிமிடத்தில் இறக்கிவிட்டார்களாம்.

இன்று ஒரு பையன் தொண்ணூறு விநாடிகூட நிற்கவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. "பையனைப் பார்க்காதீங்க, காம்பியரைப் பாருங்க" என்று காதில் சொன்னார். காம்பியர் ஓடி வந்து பையனின் தோளில் கை போட்டு, அவன் படி இறங்கி முடியும் வரை கைதட்டலை விடாமல் வாங்கிக்கொடுத்தார். அப்புறம்தான் அடுத்த பெயரைச் சொன்னார். இன்றிரவு நான் பார்த்ததில் அதுதான் பெரிய விஷயம்.

நவம்பர் 7, செவ்வாய். கால்டர் பள்ளத்தாக்கு

இன்று அவரே காம்பியர். இடம், ஒரு காலத்தில் கம்பளி ஆலைகள் நிறைந்திருந்த சிற்றூரில் ஒரு பப், மாடி அறை. ஏழரைக்கு நிகழ்ச்சி என்றால் ஆறு மணிக்கே போய்விட்டோம். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று போன பிறகுதான் புரிந்தது.

முதலில் நாற்காலி. கல்யாண மண்டபம் மாதிரி தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். முன்வரிசைக்கும் மைக்குக்கும் நடுவே பத்தடி காலி இடம். அந்த இடைவெளியில் சிரிப்பு விழுந்து செத்துப்போகும் என்றார். இரண்டு பேருமாகச் சேர்ந்து நாற்பது நாற்காலிகளை நகர்த்தினோம். பத்தைத் தூக்கிச் சுவரோரம் அடுக்கிவிட்டார். முப்பது பேர் வரும் இடத்தில் முப்பது நாற்காலிதான் இருக்க வேண்டும், தோளும் தோளும் உரச வேண்டும், பக்கத்தில் ஒருவர் சிரித்தால் உடம்பில் தெரிய வேண்டும். அடுத்து வெளிச்சம். கூட்டத்தின் பக்கம் விளக்கை அணைத்தார், மேடைப் பக்கம் வைத்தார். வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் வாய்விட்டுச் சிரிக்கக் கூச்சப்படுவார்களாம். மூலையில் சூதாட்ட எந்திரம் ஒன்று விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. முதலாளியிடம் கேட்டு அதன் பிளக்கைப் பிடுங்கினார். கீழே டிவியில் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். அதை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இந்த மாதிரி இரவின் அமைப்பு எளிது. காம்பியர் முதலில் வந்து கால் மணி நேரம் பேசுவார். பிறகு தொடக்கக் கலைஞர் இருபது நிமிடம். இடைவேளை. நடுவில் ஐந்து நிமிட ஓபன் ஸ்பாட் ஒன்றிரண்டு, புதியவர்களுக்கு, சம்பளம் கிடையாது. கடைசியில் ஹெட்லைனர், அன்றைய முக்கியக் கலைஞர். ஒவ்வொருவருக்கும் நடுவே காம்பியர் வந்து போவார். கூட்டம் சரியாக இருந்தால் அரை நிமிடம், ஆறிப்போயிருந்தால் ஐந்து நிமிடம். எவ்வளவு வேண்டும் என்பதை மேடையேறும் அந்த நாலு எட்டுக்குள் முடிவு செய்ய வேண்டும்.

இருபத்தேழு பேர் வந்தார்கள். முன்வரிசையில் அறுபதைத் தொடும் ஒரு தம்பதி. கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று கேட்டார். கணவர் "முப்பத்திரண்டு" என்றார். அதே நொடியில் மனைவி "முப்பத்து நாலு" என்றார்.

இவர் ஒன்றுமே சொல்லவில்லை. மைக்கைச் சற்றே கீழே இறக்கி, ஒரு அடி பின்னால் போய், கணவரையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். அவ்வளவுதான். முதலில் பின்வரிசையில் ஒருவர் சிரித்தார், அப்புறம் அறையே சிரித்தது. சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போதுதான், "அந்த ரெண்டு வருஷம் எங்க சார் போனீங்க?" என்றார். சரியாக அந்தச் சமயம் பார்த்துக் கீழே கோல் விழுந்தது. பப்பே அதிரும்படி கத்தினார்கள். தரையைக் காட்டி, "பாருங்க, கீழ இருக்கிறவங்களுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு" என்றார். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். எந்த இடைஞ்சலை நிறுத்த முடியாமல் ஒரு மணி நேரம் கவலைப்பட்டாரோ, அதுவே அவருக்கு வேலை செய்தது.

இரவு முழுக்க அந்த ரெண்டு வருஷம் கூடவே வந்தது. ஓபன் ஸ்பாட் பையன் ஒருவன் வாக்கியத்தை மறந்து அப்படியே நின்றுவிட்டான். அவன் இறங்கியதும் இவர் வந்து, "நானும் ரெண்டு வருஷம் ஆச்சோன்னு நினைச்சேன்" என்றார். பையனே மேடையோரம் நின்று சிரித்துவிட்டான். எழுதி மனப்பாடம் செய்தால் இது வருமா? அந்த அறையில் அந்த ராத்திரி இருந்தவர்களுக்கு மட்டுமே சொந்தமான பேச்சு இது. வெளியே போய்ச் சொன்னால் யாருக்கும் புரியாது.

நிகழ்ச்சி முடிந்து, மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். அந்தக் கணவர் தனியாக வந்தார். தரையில் கார்ப்பெட் விரிக்கும் தொழில் செய்கிறவராம். கல்யாணமான புதிதில் வட கடலில் எண்ணெய்க் கிணற்றில் வேலைக்குப் போயிருந்தாராம், ரெண்டு வருஷம். "கூட இல்லாத காலத்தை நான் சேர்க்கிறதில்ல. அவ சேர்த்துக்குவா" என்று சொல்லிவிட்டு, நல்லா இருந்தது என்று இவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

இவர் வயரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். காரில் வரும்போது, இதை மேடையில் சொல்வீர்களா என்று கேட்டேன். மாட்டேன் என்றார். "அது அவரோடது."

கையில் கிடைத்தது 60 பவுண்டு. பெட்ரோல் போக 45.

நவம்பர் 8, புதன். லீட்ஸ்

மழை. அவருக்குக் கடை. மாலையில் அவருடைய நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். ஜோக் எழுதுகிற நோட்டு வேறு, இது வேறு. ஒவ்வொரு இரவுக்கும் ஒரு பக்கம். கூரை உயரமா தாழ்வா, நாற்காலி எப்படிக் கிடந்தது, முதல் சிரிப்பு எத்தனையாவது நிமிடத்தில் வந்தது, யாரை எப்படி அறிமுகப்படுத்தினார். நேற்றைய பக்கத்தில், "அறிமுகத்தில் 'ரொம்ப ரொம்பச் சிரிப்பாக இருக்கும்' என்று சொன்னேன். இனிச் சொல்லக் கூடாது" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். அப்படிச் சொன்னால் கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு, சரி, சிரிக்கவை பார்ப்போம் என்று உட்கார்ந்துவிடும். வருகிறவருடைய முதல் நிமிடத்தைக் காம்பியரே தின்றுவிட்ட மாதிரி ஆகும். பெயரைக் கடைசி வார்த்தையாகச் சொல்ல வேண்டும், கைதட்டல் அடங்குவதற்குள் அவர் மைக்கைத் தொட்டுவிட வேண்டும்.

இந்த இரண்டாவது விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும். பெயரை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் அடைமொழி அடுக்குகிற தொகுப்பாளர்களை எங்கள் பக்கத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். பாடகர் பாவம், மேடைக்கு வருவதா வேண்டாமா என்று பாதி வழியில் நிற்பார்.

நவம்பர் 9, வியாழன். எடின்பரோ, ஸ்காட்லாந்து

போக வர 400 மைலுக்கு மேல். மேடையில் ஐந்து நிமிடம். சம்பளம் இல்லை. இந்தத் தொழிலில் ஏறி வருகிறவர்கள் எல்லாரும் இதைச் செய்கிறார்கள்.

காரில் நாலு பேர். ஓட்டுவது அவர். பின்னால் நானும், முதல் வருஷத்தில் இருக்கும் ஒரு பையனும். முன்னால் இருபது வருஷமாகக் கிளப் கிளப்பாகச் சுற்றும் பெரியவர் ஒருவர். பெட்ரோல் செலவைப் பங்கிட்டுக்கொள்வது இவர்களிடையே எழுதப்படாத சட்டம். ஏ1 சாலையில் கேட்ஸ்ஹெட் பக்கம் வரும்போது 'ஏஞ்சல் ஆஃப் தி நார்த்' சிலை தெரிந்தது, 54 மீட்டர் இறக்கை விரித்து. வடக்கே போகிறோம் என்பதற்கு அதுதான் அடையாளம் என்றார் பெரியவர்.

அவர்தான் லண்டன் காமெடி ஸ்டோரின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். 1979 மே மாதம் சோஹோவில், ஆடை அவிழ்ப்பு நடனக் கிளப் ஒன்றின் மாடியில் தொடங்கியது. தொடங்கியவர்களில் ஒருவர் பீட்டர் ரோசன்கார்ட், ஆயுள் காப்பீடு விற்றவர். இன்னொருவர் டான் வார்ட். முதல் காம்பியர் அலெக்ஸி சாய்ல். கூட்டத்துக்குப் பிடிக்காவிட்டால் காங் என்ற வட்டத் தகட்டை அடித்து இறக்கிவிடும் வழக்கம் அங்கேதான் பேர் பெற்றது. இன்று இந்த நாட்டில் ஸ்டாண்ட்-அப் என்று எதைச் சொல்கிறார்களோ, அதன் பெரும்பகுதி அந்த மாடியிலிருந்து கிளம்பியது. நான் தமிழன் என்றதும் பையன் ரொமேஷ் ரங்கநாதனைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து மேடைக்கு வந்தவர். பையனுக்கு அவர்தான் தெம்பு. வேலையை விட்டுவிட்டு வந்து ஜெயித்தவர் ஒருவர் கண் முன்னால் இருக்கிறார் அல்லவா.

நாலரைக்கே இருட்டிவிட்டது. 1947-ல் அழைப்பில்லாமல் எட்டு நாடகக் குழுக்கள் வந்து நின்றதில் தொடங்கிய ஃப்ரிஞ்ச் விழாவால் ஆகஸ்டில் இந்த ஊரில் கால் வைக்க இடம் இருக்காதாம். நவம்பரில் தெரு வெறிச்சென்று கிடக்கிறது. யார்க் பிளேஸில் தி ஸ்டாண்ட், 1995-ல் தொடங்கிய கிளப். நிலவறை. தாழ்ந்த கூரை. உள்ளே நுழைந்ததும் அவர் மேலே பார்த்துச் சிரித்தார். செவ்வாய்க்கிழமை நாற்காலி நாற்காலியாக உண்டாக்கப் பார்த்ததெல்லாம் இங்கே கட்டடத்திலேயே இருக்கிறது. மேஜையில் தங்களுக்குள் பேசிக்கொள்கிறவர்களும் இல்லை, போன் பார்க்கிறவர்களும் இல்லை.

அவருடைய ஐந்து நிமிடம் நன்றாகப் போனது. கண்ணாடிக் கடைக்கு வந்து, பார்வை சரியில்லை என்று ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் அப்பாக்களைப் பற்றிப் பேசினார். நாலேமுக்கால் நிமிடத்தில் பின்னால் சிவப்பு விளக்கு மினுங்கியது. அது அணைவதற்குள் முடித்துவிட்டார். நேரம் மீறுகிறவரை மறுபடி கூப்பிட மாட்டார்கள்.

ஆனால் முடித்துவிட்டு அவர் கலைஞர்கள் காத்திருக்கும் பச்சை அறைக்குப் போகவில்லை. பின்சுவரில் சாய்ந்து நின்று இன்றைய காம்பியரை மட்டும் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அனுபவசாலி. ஒரு கேள்வி கேட்டால் பதிலை முழுசாகக் கேட்கிறார். அடுத்த ஜோக்கை நோக்கி அவசரப்படுகிற முகமே இல்லை. அதைத்தான் இவர் நோட்டில் எழுதினார்: "கேட்கிறார்." ஒரு சொல்தான்.

நவம்பர் 10, வெள்ளி. பாட்லி

விடிகாலை மூன்றரைக்கு வந்து படுத்தோம். மத்தியானம் எழுந்து, மாலையில் பாட்லிக்குக் கிளம்பியாகிவிட்டது. லீட்ஸிலிருந்து அரை மணி நேரம்.

இந்தச் சின்ன ஊரில் 1967-ல் ஒரு வெரைட்டி கிளப் திறந்தார்கள். மறு வருஷம் லூயி ஆம்ஸ்ட்ராங்கே வந்து வாசித்திருக்கிறார். ஆலைத் தொழிலாளிகள் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். கட்டடம் இப்போது உடற்பயிற்சிக் கூடம். காரை நிறுத்தி ஒரு நிமிடம் பார்த்தோம்.

நிகழ்ச்சி அங்கே இல்லை, பக்கத்தில் ஒரு தொழிலாளர் கிளப்பில். 1862-ல் இந்தக் கிளப்புகளுக்கென்று ஒரு சங்கம் உண்டாகி, பிறகு வட இங்கிலாந்து முழுக்கப் பரவின. உறுப்பினர்களே நடத்துவது, குறைந்த விலையில் பீர், சனிக்கிழமை பாட்டு, பிங்கோ, இறைச்சியைப் பரிசாக வைக்கும் இறைச்சிக் குலுக்கல். ஸ்டாண்ட்-அப் கிளப்புகள் வருவதற்கு முன்னால் காமெடியன்கள் பிழைத்தது இங்கேதான். நம் ஊர்த் திருவிழாக் கூட்டத்தின் முகம் இங்கே எனக்குத் தெரிந்தது. குழந்தை தவிர எல்லா வயதிலும் ஆள் இருந்தார்கள், யாரும் யாருக்கும் அன்னியம் இல்லை. இடைவேளையில் தட்டில் 'பை' (pie) என்ற பலகாரமும் வேகவைத்த பட்டாணியும், மேலே புதினாச் சாறு.

தொண்ணூறு பேர். காரில் வந்த அந்தப் பையனுக்குப் பத்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். அவன் பேச்சு முழுக்க டேட்டிங் ஆப் பற்றி. ஒரு சிரிப்பு இல்லை. எதிர்ப்பும் இல்லை, அதுதான் கொடுமை. மரியாதையாக, அமைதியாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழாவது நிமிடம் நன்றி சொல்லி மைக்கை மாட்டினான். கை நடுங்கியதில் மைக் இரண்டு தடவை ஸ்டாண்டில் உட்காரவில்லை.

அவர் நடந்து வந்தார், அவசரமில்லாமல். நல்லா இருந்தது என்று பொய்யும் சொல்லவில்லை, பையனைக் கிண்டலும் செய்யவில்லை. பையன் இறங்காதபடி கையைக் காட்டிப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து, "இறைச்சிக் குலுக்கல்ல இன்னிக்கு ஜெயிச்சது யாரு?" என்றார். மூன்றாவது மேஜையில் எண்பது வயதுப் பாட்டி கையைத் தூக்கினார். முன்னால் பெரிய பன்றித்தொடைப் பொட்டலம்.

"யாருக்குச் சமைக்கப் போறீங்க?"

"எனக்குத்தான்."

முதல் சிரிப்பு. அவர் காத்திருந்தார். நேற்று ராத்திரி சுவரில் சாய்ந்து பார்த்தது அப்படியே அவர் முகத்தில் இருந்தது. பாட்டி இன்னும் ஏதோ சொல்லப்போகிறார் என்று தெரிந்துகொண்டு காத்திருந்தார். பாட்டி பையனை மேலிருந்து கீழே வரை பார்த்துவிட்டு, "ரொம்ப ஒல்லியா இருக்கான். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு" என்றார்.

கூடமே எழுந்த மாதிரி இருந்தது. பையன் குனிந்து முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவர் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அந்தக் கைதட்டலைப் பையனிடமே விட்டுவிட்டு, அவன் இறங்கியதும் பெரியவரின் பெயரைச் சொன்னார், கடைசி வார்த்தையாக. பெரியவர் வந்து மைக்கைத் தொடும்போது கூட்டம் இன்னும் சூடாகவே இருந்தது. முதல் வரியிலேயே சிரித்தார்கள்.

வீட்டுக்குப் போகும் ஜனங்களிடம் யாரைப் பிடித்திருந்தது என்று வாசலில் நின்று கேட்டேன். பெரியவரைச் சொன்னார்கள், பாட்டியைச் சொன்னார்கள். இவரை ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அவரிடம் சொன்னபோது, "அப்படின்னா ராத்திரி நல்லாப் போச்சு" என்றார். முகத்தைப் பார்த்தேன், மனதாரத்தான் சொன்னார்.

நவம்பர் 11, சனி. லீட்ஸ்

நாளை தீபாவளி. தங்கை காலையிலிருந்து முறுக்குப் பிழிகிறாள். பதினோரு மணிக்கு அவர் வந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்தார். ஜனவரியில் எந்தெந்தத் தேதி காலி என்று கிளப்காரர்களுக்கு மெயில் அனுப்பிக்கொண்டிருந்தார், நாற்பதுக்கும் மேல் மெயில். பதில் வருவது நாலைந்து பேரிடமிருந்துதான் என்றார். அதற்குள் ஒன்று வந்துவிட்டது. ஒரு வெள்ளி, சனி, இரண்டு நாளும் காம்பியர், சம்பளத்தோடு, தங்க அறையோடு. தங்கை எண்ணெய்ச் சட்டியை விட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

முதல் முறுக்கை நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் நோட்டைத் திறந்தார். நம் ஊரில் கச்சேரி நடுவே கரண்ட் போனால் தொகுப்பாளர் என்ன செய்வார் என்று கேட்டார். தங்கை எப்போதோ சொல்லியிருக்கிறாள் போல. மைக் இல்லை, விளக்கு இல்லை, எதிரில் இரண்டாயிரம் பேர். மேடையின் முன் ஓரத்துக்கு வந்து நின்று, முதல் வரிசைக்கு மட்டும் கேட்கும்படி ஆரம்பிப்பேன், அவர்கள் சிரிப்பது பின்னால் போகும், பின்னால் இருப்பவர்கள் என்ன என்று கேட்டு அமைதியாவார்கள் என்று சொன்னேன். பேனாவை நிறுத்தாமல் எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார்.

"ஜெனரேட்டர் போட எவ்வளவு நேரம் ஆகும்?"

"இருபது நிமிஷம். டீசல் இருந்தா."

'இருபது நிமிடம்' என்று எழுதினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'டீசல் இருந்தால்' என்பதையும் எழுதிக்கொண்டார்.